போட்டு வாங்கும் முன் கரையைப் பார்

எங்கள் ஊர்ப்பக்கம் யாராவது போட்டு (மீன்பிடி விசைப்படகு) வாங்கப்போகிறேன் என்று வந்து சொன்னால், எத்தனை அடி, என்ன எஞ்சின் என்றெல்லாம் நான் கேட்பதில்லை. முதல் கேள்வி ஒன்றுதான்: அட்வான்ஸ் யாருடையது? இதற்குப் பதில் தெரிந்தால், அந்தப் போட்டு ஐந்து வருடம் கழித்து யார் கையில் இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

எங்கள் ஊர் என்றால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். தேங்காப்பட்டணத்தில் ஆற்றைத் தாண்டினால் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. நீரோடிக்கு அந்தப்பக்கம் பொழியூர், கேரளம். சர்க்கார் கணக்கில் நாங்கள் தமிழ்நாடு. எங்கள் கோயில்கள் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தில். போட்டுகள் பாதிக்கு மேல் கிடப்பது கொச்சி தோப்பும்படியிலும் முனம்பத்திலும். வீட்டில் பேசுவது தமிழ், ஏலத்தில் பேசுவது மலையாளம். இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலைமைதான் எங்கள் தொழிலின் லாபத்தையும் நஷ்டத்தையும் பாதி தீர்மானிக்கிறது.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வருமுன்பே மாமாவின் போட்டில் அடுக்களை வேலைக்கு ஏறியவன். அப்புறம் தூண்டில்காரன், டிரைவர், சிராங்கு (போட்டை நடத்துகிற தலைவன்) என்று போய், இப்போது இரண்டு போட்டில் பங்கும் கொச்சியில் கரைவேலையுமாக இருக்கிறேன். கடலில் மீன் பிடிப்பதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லட்சத்தீவுக்கு அந்தப்பக்கம் வரை ஆயிரங்கால் தூண்டிலோடு சுறாவைத் தேடிப்போன கூட்டம் இது. ஆனால் பிடித்த மீனின் காசு கரையில் எப்படிக் கைமாறுகிறது என்பதை அப்பாமார் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது குறைவு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தங்குகடல் தொழிலில், அதாவது வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிப்பதில், ஒரு போட்டு வெளியே போக டீசல், ஐஸ், தண்ணீர், அரிசி பலசரக்கு, இரை, தூண்டில் சாமான் எல்லாம் முன்கூட்டியே வாங்க வேண்டும். கையில் அவ்வளவு ரொக்கம் யாரிடமும் இருக்காது. அங்கேதான் ஏலக்காரர் வருகிறார். போட்டு இறக்கும்போதே ஒரு பெரிய தொகையை அட்வான்ஸாகத் தருவார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, அவசரத்துக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணினாலும் பணம் வரும். பதிலுக்கு ஒன்றே ஒன்று: மீன் முழுக்க அவர் கை வழியாகத்தான் விற்க வேண்டும், அதற்குக் கமிஷன். கேட்கும்போது எவ்வளவு நல்ல மனிதர் என்று தோன்றும். நல்ல மனிதராகவும் இருப்பார், அதில் பொய்யில்லை. ஒக்கி புயல் நேரத்தில் எங்கள் ஊர் வீடுகளுக்கு அரிசி இறக்கியவர்களில் கொச்சி ஏலக்காரர்களும் உண்டு.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. பத்து லட்சம் அட்வான்ஸ், வருடத்துக்கு ஒன்றரைக் கோடிக்கு மீன் விற்கிற போட்டு என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் இல்லாத போட்டு 3 சதவீதத்துக்குப் பேசி முடிக்கும் இடத்தில், அட்வான்ஸ் உள்ள போட்டு வாயைத் திறக்காமல் 5 கொடுக்கும். வித்தியாசம் இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஒன்றரைக் கோடியில் இரண்டு சதவீதம் மூன்று லட்சம். பத்து லட்சத்துக்கு வருடம் மூன்று லட்சம் என்றால் முப்பது வட்டி. இது கமிஷனில் தெரிகிற பணம் மட்டும். ஏலத்தில் கிலோவுக்கு ஐந்து பத்து இறங்குவது, எடையில் கழிவு என்று தள்ளுவது, பணத்தை மூன்று தவணையாகத் தருவது எல்லாம் தனி. கட்டிப்போட்ட ஆள் அடுத்த ஏலக்காரரிடம் போகமுடியாது, அதனால் விலையை எதிர்த்துப் பேசவும் முடியாது.

2021-ல் கேரள அரசு மீன் ஏலத்துக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஏலக் கமிஷன் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம். எங்களைப் போன்ற வெளிமாநிலப் போட்டுக்காரர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். ஆனால் கடன்பட்டவன் வாயில் சட்டம் வராது.

இந்த அட்வான்ஸ் ஏலக்காரரோடு நிற்பதும் இல்லை. அவருக்கு ஏற்றுமதிக் கம்பெனியோ பெரிய வியாபாரியோ பணம் கொடுத்திருப்பார். போட்டுக்காரர் அதை வாங்கி, தொழிலாளிகளுக்கு முன்பணம் கொடுத்திருப்பார். தொழிலாளி வீட்டில் அந்த முன்பணத்தை நம்பிப் பலசரக்குக் கடையில் பற்று ஓடும். ஒரு தங்கல், அதாவது ஒரு கடல் பயணம், மீன் இல்லாமல் திரும்பினால் மார்த்தாண்டம் நகைக்கடன் வரிசை வரைக்கும் அது போய் நிற்கும்.

அதனால் அட்வான்ஸே வாங்காதே என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர் தொழில் செய்தவராக இருக்கமாட்டார். நான் சொல்வது: எவ்வளவு, எத்தனை தங்கலுக்குள் திருப்பித்தருவது, திருப்பிவிட்டால் கமிஷன் எவ்வளவாகக் குறையும் என்ற மூன்றையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு தானாகக் கழியட்டும். கரைவலை, ஃபைபர் வள்ளக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ் என்று எல்லோரும் சொல்வது, இதே வேலையைத்தான் செய்தது. சங்கமே கடற்கரையில் ஏலம் விடும். விற்ற தொகையில் கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு, சங்கத்துக்குக் கமிஷன் என்று அன்றைக்கே பிடித்துவிடும். மீன் நிறையக் கிடைத்த நாளில் அதிகமாகக் கழியும், கிடைக்காத நாளில் கழியாது. தவணைத் தேதி என்ற பேச்சே இல்லை. வங்கி மேனேஜர்களுக்குக் கடல் வருமானம் புரியாமல் போவது இந்த இடத்தில்தான். இந்த முறையில் சின்ன வள்ளக்காரர் பலர் கடன் தீர்த்து எழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரிய போட்டுக்காரர்களாகிய நாங்கள்தான் அதைக் கேலி பேசிவிட்டு ஏலக்காரரிடம் போய் நின்றோம்.

அடுத்து பங்குக்கணக்கு. எங்கள் பக்கம் ஒரே ஆள் முழுப் போட்டுக்குச் சொந்தக்காரர் என்பது குறைவு. நான்கு பேர், ஆறு பேர் சேர்ந்து போடுவது. மச்சான், சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுக்காரர். பங்காளிகளில் இரண்டு பேராவது அதே போட்டில் கடலுக்குப் போகிறவராக இருந்தால் அந்தப் போட்டு நிலைக்கும். எல்லாப் பங்காளிகளும் கரையில் உட்கார்ந்து கணக்குக் கேட்டால் நிலைக்காது. வளைகுடாவில் இருந்து பணம் அனுப்பிப் பங்கு போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ஒரு தங்கல் இருபது லட்சத்துக்கு விற்றது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கமிஷன் ஒரு லட்சம் போயிற்று. டீசல், ஐஸ், சாப்பாடு, இரை, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒன்பது லட்சம். மீதி பத்து. எங்கள் போட்டில் போட்டுக்கு 60, ஆட்களுக்கு 40. ஆக ஆட்களுக்கு நான்கு லட்சம். பன்னிரண்டு பேரில் சிராங்குக்கு இரண்டு பங்கு, டிரைவருக்கு ஒன்றரை, மற்ற பத்துப் பேருக்கு ஒவ்வொன்று. மொத்தம் பதின்மூன்றரைப் பங்கு. ஒரு பங்குக்கு முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். வெயிலிலும் உப்பிலும் ஒரு மாதம் கிடந்ததற்குக் கூலி அது. அதே போட்டு அடுத்த முறை எட்டு லட்சத்துக்கு விற்றால் கமிஷனும் செலவும் போக ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல் கையைக் கடிக்கும். அந்த நஷ்டத்தை அடுத்த தங்கலில் முதலில் கழிப்பதா, போட்டே தாங்குவதா என்பது ஊருக்கு ஊர், போட்டுக்குப் போட்டு வேறுபடும். ஏறுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வேலைக்கு ஏறுகிற பையன்கள் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை.

போட்டுக்கு வந்த ஆறு லட்சத்தை உடனே பங்காளிகள் பிரித்துக்கொள்ளக்கூடாது. எஞ்சினுக்கு என்று ஒரு தொகை, தூண்டில் கயிறுக்கு ஒரு தொகை, தடைக்காலத்தில் மேலே ஏற்றிப் பெயின்ட் அடிக்க ஒரு தொகை என்று முதலில் ஒதுக்கிவிட வேண்டும். கேட்பதற்கு எளிது. கையில் காசு வந்த நாளில் ஒரு பங்காளி வீட்டில் கல்யாணம் இருக்கும், இன்னொருவர் வீட்டில் ஆஸ்பத்திரி இருக்கும்.

கணக்குப் பார்க்கும் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் போட்டில் அதை என் வீட்டுத் திண்ணையில் வைக்கிறோம். தொழிலாளிகளோடு அவர்கள் வீட்டுப் பெண்களும் வர வேண்டும் என்பது நான் சிராங்காக இருந்தபோதே வைத்த பழக்கம். சில பங்காளிகளுக்கு முதலில் பிடிக்கவில்லை. பில் ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஒருமுறை ஐஸ் பில்லை வாசித்துக்கொண்டிருக்கும்போது டிரைவரின் மனைவி, "மாமா, நீங்க கிளம்பின தேதிக்கு மூணு நாள் கழிச்ச தேதி போட்டிருக்கே, கடலுக்கு வந்தா ஐஸ் குடுத்தாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஐஸ் கம்பெனியில் விசாரித்தால் வேறொரு போட்டின் பில் எங்கள் கட்டில் வந்திருக்கிறது. காசு திரும்ப வந்தது. அதற்கு மேல் பெரிய லாபம், அன்றிலிருந்து எங்கள் போட்டில் கணக்குச் சண்டை என்று ஒன்று வரவில்லை. ஆள் விட்டுப்போவதும் குறைந்தது. இன்றைக்குக் கேரளத் துறைமுகங்களில் வங்காளம், ஒடிசா, அசாம் ஆட்களை நம்பி ஓடும் போட்டுகள் எத்தனையோ. பழகிய ஆள் நிலைத்து நிற்பதே ஒரு முதல்தான்.

இப்போது ஐஸ் விஷயம். பையன்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்: ஐஸ் போடுவதில் என்ன இருக்கிறது என்று. கேரைச்சூரை என்ற டியூனா மீனின் விலை முழுக்க அதில்தான் இருக்கிறது.

சூரை வகை மீனுக்கு உடம்பு சூடு அதிகம். தூண்டிலில் மாட்டிப் போராடும்போது இன்னும் ஏறும். மேலே தூக்கிப்போட்டு, வெயிலில் துடிக்கவிட்டு, படம் எடுத்து, அப்புறம் உள்ளே தள்ளினால் சதை வெந்ததுபோல் வெளுத்துவிடும். செய்ய வேண்டியது இதுதான். கொக்கியைத் தலையில் மட்டும் மாட்டி ஏற்றுங்கள், உடம்பில் குத்தக்கூடாது. ஏறியதும் நனைந்த சாக்கின்மேல் கிடத்தி, மண்டையில் ஒரே குத்தில் முடித்துவிடுங்கள். பக்கச் செட்டைக்கு (துடுப்புக்கு) கொஞ்சம் பின்னால் இரண்டு புறமும் கீறினால் ரத்தம் வடியும். கடல்தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். செவுளையும் குடலையும் எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் ரத்தக்கட்டியை விரலால் வழித்துக் கழுவி, வயிற்றுக்குள்ளும் செவுள் இருந்த இடத்திலும் பொடி ஐஸை அடைத்து, ஸ்டோரில் (மீன் வைக்கும் ஐஸ் அறையில்) மீனும் மீனும் தொடாதபடி வைக்க வேண்டும். இரண்டு பேருக்குப் பழகிவிட்டால் சில நிமிட வேலை. மீன் கொத்துக்கொத்தாக ஏறும் நேரத்தில் இதைச் செய்ய மனசு வராது, அதுதான் பிரச்சினை. அந்த நேரத்தில் சிராங்கு சத்தம் போட வேண்டும்.

சூடு தங்கிய சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். ஒருமுறை உருவானால் ஐஸில் வைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது, குழம்பு வைத்துக் கொதிக்கவிட்டாலும் போகாது. ஏற்றுமதிக் கம்பெனி அதைச் சோதித்துத்தான் எடுக்கும். சோதனையில் விழுந்த சரக்கு உள்ளூர்ச் சந்தைக்குத்தான் போகும், கிடைத்த விலைக்கு. அதைச் சாப்பிடுகிறவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வரும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் போட்டில் இன்னொரு உண்மை உண்டு. முதல் வாரத்து மீன் அடியில் கிடக்கும், மேலே இருப்பதன் பாரம் முழுக்க அதன்மேல் இறங்கும், உருகிய தண்ணீரும் அங்கேதான் தேங்கும். அதை எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் கடைசி வாரத்து மீனின் விலை வராது. ஆகவே கடைசிப் பத்து நாள் மீனைத் தனி அறையில் வையுங்கள், தனியாக ஏலம் விடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கலந்து கொட்டினால் நல்ல மீனுக்கும் கெட்ட மீனின் விலைதான் பேசுவார்கள். இடையிடையே தட்டுப்பலகை போட்டால் அடிமீன் நசுங்காது. தேங்கிய தண்ணீரைத் தினமும் பம்ப் போட்டு வெளியேற்ற வேண்டும். ஐஸ் ஏற்றும்போது நான்கைந்து பாளத்தை உடைத்துப் பாருங்கள். நடுவில் ஓட்டையோ தண்ணீரோ இருந்தால் சரியாக உறையாமல் எடுத்தது. பதினைந்தாம் நாள் ஐஸ் தீர்ந்து, மீன் இருக்கும் இடத்தை விட்டுவிட்டுத் திரும்பும் போட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

சுறாவுக்கு வருவோம். எங்கள் ஊர்களுக்குப் பேரும் புகழும் வந்ததே சுறாவால்தான். பழைய நாளில் போட்டிலேயே வெட்டி உப்புப்போட்டுக் கொண்டுவருவார்கள், செட்டைக்குத் தனி வியாபாரி காத்திருப்பார். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2001-ல் திமிங்கலச் சுறா, வேளா உள்பட சில இனங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலுக்கு, அதாவது பிடிக்கவே கூடாத இனங்களில், போயின. 2013-ல் செட்டையை உடம்போடுதான் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி வந்தது. 2015-ல் செட்டை ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். 2022 சட்டத்திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டது. எங்கள் ஆட்களில் பலர் இதை அநியாயம் என்பார்கள். முப்பது வருடம் செய்த தொழிலை ஒரு காகிதம் நிறுத்தினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கடலில் சுறா குறைந்துபோனது அந்தக் காகிதத்துக்கு முன்னாலேயே நடந்தது, அதுவும் எங்களுக்குத் தெரியும். கேரளத்தில் சுறா இறைச்சிக்கு இன்றும் நல்ல கிராக்கி. பிடிக்கலாம் என்ற இனங்களும் இருக்கின்றன. ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் சுறாவை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். சூரை, கணவாய், நெய்மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை இனம் எது என்று படம் போட்ட அட்டையை மீன்வளத்துறையிலோ கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டு வாங்கி வீல்ஹவுஸில் (போட்டை ஓட்டும் அறையில்) ஒட்டிவையுங்கள்.

எல்லையில் இருப்பதன் சங்கடங்கள் வேறு. தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்று இருந்து, பிறகு 1,000 கூட்டினார்கள். தங்குகடல் போட்டுக்கு அது மூன்று நான்கு தங்கலுக்குத்தான் காணும். அதையும் தமிழ்நாட்டு டீசல் பங்க்கில்தான் பிடிக்க முடியும். போட்டு கொச்சியில் கிடந்தால் டீசலுக்காகத் தேங்காப்பட்டணமோ குளச்சலோ வந்துபோவதா, வழியில் எரியும் எண்ணெய்க்கு அது கட்டுமா என்று பார்க்க வேண்டும். கேரளாவில் மீன் இறக்க வெளிமாநிலப் போட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. தடைக்காலமும் ஒன்றல்ல. கேரளாவில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். அதே மாவட்டத்தில் சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எந்தத் துறைமுகத்தில் பதிவு, எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து வேலைநாள் மாறும். தவணைக் கடன் வாங்கும்போது தடைக்காலத்தில் தவணை இல்லாதபடி பேசிக்கொள்ளுங்கள். 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணத்தில் வங்கித் தவணை கட்ட முடியாது.

அதேபோல், கேரளாவில் 58 மீன் இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயலைக்கு 14. எங்களை அது நேரடியாகத் தொடாது என்றாலும் இரைக்குக் குஞ்சு மத்தி வாங்கி ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

விற்பனையில் அடுத்த படி ஏற்றுமதிக் கம்பெனிக்கு நேரடியாகக் கொடுப்பது. ஐரோப்பாவுக்குப் போகும் கடல்மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். இங்கே அதைக் கொடுப்பது கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், எம்பெடா. எந்தப் போட்டு, எங்கே, எப்போது பிடித்தது என்ற விவரம் போட்டுக்காரரிடமிருந்துதான் போக வேண்டும். சிராங்கு ஒழுங்காக லாக்புக் எழுதினால் கம்பெனிக்காரர் உங்களைத் தேடி வருவார். ஆனால் முதல் தடவையே முழுச் சரக்கையும் ஒரே கம்பெனிக்குக் கொடுக்காதீர்கள். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், எங்கள் கேரையை நல்ல விலை பேசி எடுத்துவிட்டு, பணத்துக்கு ஓணத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரை நடக்கவிட்டது. ஏலக்காரரிடம் விலை குறைவாக இருந்தாலும் பணம் வந்துவிடும். இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் புத்தி.

இனி பாதுகாப்பு. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி வந்தபோது எங்கள் போட்டுகள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தன. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு கட்டுரையாகிவிடும். தொழில் சம்பந்தமாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். எந்தப் போட்டில் யார் யார் போனார்கள் என்ற பட்டியலே கரையில் பல போட்டுகளுக்கு இல்லை. கடைசி நேரத்தில் ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறியிருப்பார். வடமாநிலத்து ஆள் என்றால் கூப்பிடும் பெயர் மட்டும்தான் தெரியும், ஊர் தெரியாது. உடல் கிடைக்காதவரை இறந்தவராகச் சட்டம் ஏற்க ஏழு வருடம் ஆகும். அந்த முறை அரசு தனியாக முடிவெடுத்து நிவாரணம் கொடுத்தது. எல்லா விபத்துக்கும் அப்படி எடுக்காது.

ஆகவே ஒவ்வொரு தங்கலுக்கும் கிளம்பும் நேரத்தில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு போட்டோ, பெயர் ஊர் ஆதார் எண்ணோடு ஒரு பட்டியல். இரண்டும் கரையில் ஒருவர் போனில் இருக்க வேண்டும். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர் விபத்துக் காப்பீடு 5 லட்சம் இருக்கிறது, மீனவர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பதிவு இருந்தால்தான் கிடைக்கும். வயர்லெஸ் செட் இருபது முப்பது கடல்மைலுக்கு மேல் பேசாது. ஆழ்கடலுக்கு சாட்டிலைட் போனோ இருவழி டிரான்ஸ்பாண்டரோ (சாட்டிலைட் வழியாகக் கரையோடு செய்தி பரிமாறும் கருவி) இல்லாமல் போகக்கூடாது. சாட்டிலைட் போன் பிஎஸ்என்எல் வழியாக வாங்கியதாக இருக்கட்டும். வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் துராயா சாட்டிலைட் போன் இந்தியாவில் தடை, பிடிபட்டால் போலீஸ் கேஸ். ஜிபிஎஸ்ஸில் எல்லைக்கோட்டைப் போட்டுவையுங்கள். மீன் பின்னால் போய் இந்தியப் பெருங்கடலில் டியாகோ கார்சியா தீவுப் பக்கம் பிரிட்டிஷ்காரரிடம் மாட்டிய போட்டுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. அங்கே அபராதம் பவுண்டில்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தினமும் மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. கடல்மேற்பரப்பின் சூட்டையும் நீரின் பச்சையையும் சாட்டிலைட்டில் பார்த்துச் சொல்வது. மேகம் மூடிய நாட்களில் தகவல் வராது. பழைய சிராங்குகள் நம்பமாட்டார்கள். நான் இரண்டையும் பார்ப்பேன்: அந்தப் படத்தையும், நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) பறவையையும். டீசல் விற்கிற விலைக்கு, தேடிப்போகும் தூரம் ஒரு நாள் குறைந்தாலும் போதும்.

பழைய போட்டு வாங்குகிறவர்களுக்கு: எஞ்சினைக் காட்டுவார்கள், பெயின்ட்டைக் காட்டுவார்கள். இரும்புப் போட்டு என்றால் மேலே ஏற்றிச் சுத்தியலால் அடித்தட்டைத் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாகும் இடத்தில் தகடு தின்றுபோயிருக்கும். ஐஸ் ஸ்டோர் சுவரில் ஒரு துளை போட்டுப் பார்த்தால் உள்ளே பஞ்சு நனைந்திருக்கிறதா என்று தெரியும். நனைந்திருந்தால் ஸ்டோரையே புதிதாகக் கட்ட வேண்டும். பதிவுச் சான்று, கடல்மீன்பிடி உரிமம், டீசல் அட்டை எல்லாம் உங்கள் பெயருக்கு மாறும்வரை முழுப்பணம் கொடுக்க வேண்டாம். ஏலக்காரரிடம் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். விற்றவரின் அட்வான்ஸ் போட்டோடு ஒட்டிக்கொண்டு வரும், துறைமுகத்தில் கயிறு கட்டும்போதுதான் தெரியும்.

படித்த பையன்கள் கேட்கிறார்கள், கடலுக்குப் போகாமல் இந்தத் தொழிலில் இடம் இருக்கிறதா என்று. தாராளமாக. கொச்சியில் 1963-ல் தொடங்கிய சிஃப்நெட் என்ற மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவருக்குப் படகு ஓட்டவும் எஞ்சின் பார்க்கவும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளை உண்டு. எஞ்சின் தெரிந்தவன் கடலிலும் பிழைப்பான், கரையிலும் பிழைப்பான். எங்கள் போட்டு டிரைவர் தடைக்காலத்தில் ஒர்க்‌ஷாப் வேலையில் தங்கல் பங்கைவிடக் கூடச் சம்பாதிக்கிறார். ஐந்தாறு போட்டுக்கு லாக்புக், பிடிப்புச் சான்று, காப்பீடு, ஆன்லைன் பதிவு எல்லாம் பார்த்துக்கொள்ள எங்கள் ஊரில் ஆளே இல்லை. ஒரு பெண்பிள்ளை கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யலாம். பணம் கொடுக்கப் போட்டுக்காரர்கள் தயார்.

கடலுக்கே போகிறேன் என்கிறவர்கள் ஜூலைக் கடைசியில் தோப்பும்படிக்கு வாருங்கள். தடை முடிந்து எல்லாப் போட்டும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஆள் தேவை அப்போதுதான் அதிகம். முதல் தங்கலுக்கு அடுக்களையில் ஏறுங்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஐஸ், யார் வேலை செய்கிறார், யார் தூங்குகிறார் என்று எல்லாம் அங்கிருந்து தெரியும். மீனவர் அடையாள அட்டை, ஆதார், நாமினி போட்ட பாஸ்புக், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி முதல் இரண்டு மூன்று நாள் இருக்கும், கஞ்சியும் ஊறுகாயும் போதும். அதற்கு மேலும் நிற்காவிட்டால் சிராங்கிடம் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். திரும்பி வருகிற வேறு போட்டு பக்கத்தில் இருந்தால் அதில் மாற்றிவிடுவார்.